அணியத்தில் கேட்ட குரல்

தூத்தூர் மேஸ்திரி நீங்கதானே? வாயால சொல்ல வேண்டாம், உங்க பையே சொல்லுது. குறடு வாயைப் பிளந்துக்கிட்டு எட்டிப் பார்க்குது பாருங்க. என் பேர் ஸ்டெபிலா. வள்ளம் கட்டுற ஷெட்டுக்காரர் வென்சிலாஸ் இருக்காருல்லா, அவருக்க மகள். அப்பாவே வந்திருப்பார், காலையில இருந்து ஃபோனை விட்டு அவர் காதை எடுக்கலை, அதனால என்னை அனுப்பினார். "அதாவது, க்ர்ம், மேஸ்திரிய நேரா கூட்டிட்டு வரணும் கேட்டியா, வழியில வாயடிக்கப்படாது, க்ர்ம்." இதுதான் எங்கப்பா. நீங்க அவர்கூட ஃபோன்ல பேசியிருப்பீங்களே, சரியா இருக்கா? சிரிக்கிறீங்க. அப்ப சரியாத்தான் இருக்கு.

பஸ் இதுக்கு மேல போகாது அண்ணா. போன ஆனியில கடல் ஏறி வந்து ரோட்டைப் பாதி தின்னுட்டுப் போச்சு, மீதியை இன்னும் ஜீரணிக்கலை. நடக்கத்தான் வேணும். ஐஸ் கம்பெனி வழியாப் போனா சீக்கிரம் போயிடலாம். மாதா கோயிலைச் சுத்திப் போனா கொஞ்சம் கூடும். நாம கோயிலைச் சுத்திப் போவோம். காத்து வரும். வேற ஒண்ணுமில்லை.

சரி, வேற ஒண்ணு இருக்கு. நீங்க ஷெட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும். நீங்க யாருடைய இடத்துக்கு வந்திருக்கீங்கன்னு அப்பா சொன்னாரா? இருந்த ஆளுக்கு முடியலைன்னு சொல்லியிருப்பார். முடியலையாம்! தொபியாஸ் மாமாவுக்கு ஒரு சீக்கும் கிடையாது. இப்பவும் ஒரு சட்டி சாளை மீனை ஒத்தையா முடிச்சுட்டு அடுத்த சட்டியைப் பார்ப்பார். அவருக்கு வந்த சீக்கு நான்தான்.

இன்னைக்கு அவர் வருவார். பாதியில நிக்குற வேலையை உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போகத்தான். ஒப்படைச்சாருன்னா முடிஞ்சுது அண்ணா, அவர் திரும்ப எந்த வள்ளத்துலயும் ஏற மாட்டார். அந்த மனுஷனை நீங்க பார்த்ததில்லை, அதனால உங்களுக்கு ஒண்ணும் தோணாது. எனக்குத்தான் நெஞ்சுக்குள்ள மீன்முள் மாதிரி.

அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு கேளுங்க. நல்லவர்னு நினைச்சுடாதீங்க. அவ்வளவு நல்லவரா இருந்திருந்தா நான் அவர்கிட்ட வம்புக்கே போயிருக்க மாட்டேன். ஊர்லேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். காக்காகூட சண்டை போடுவார். திருவிழாவுல மைக் கெட்டுப் போனப்ப சாமியார் அவரை ஏத்தி அறிவிப்பு சொல்ல வச்சார், பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் ஏதோ கலவரம்னு கிளம்பி வந்துட்டாங்க. காலையில ஷெட்டுக்குள்ள வரும்போதே திட்டிக்கிட்டுத்தான் வருவார். "எலே கிளீட்டசு! ஒனக்க மூஞ்சியில என்ன வச்சிருக்க, கண்ணா, கோலிக்காயா? கம்பிய முறுக்கச் சொன்னா கோழிக்கழுத்த முறுக்குதியே, மெள்ளலே!" இன்னொண்ணு உண்டு. "நான் சேத்த வள்ளத்துல மூத்திரம் பெய்யக் காக்காவும் பயப்படும்லே!"

பார்த்தீங்களா, அந்தப் பாட்டி திரும்பிப் பார்த்துட்டுப் போறாங்க. தொபியாஸ் மாமா எங்கேன்னு தேடுறாங்க. அவ்வளவு சரியா வரும் எனக்கு. பிறந்ததுல இருந்தே எனக்குத் தகரத்துல மணல் கொட்டின குரல். கோயில் பாட்டுக் குழுவுல இருந்து சிஸ்டர் என்னை இறக்கி விட்டுட்டாங்க. அதே தொண்டையில எந்த ஆம்பளைக் குரலும் அச்சு அசலா வரும், கடவுள் ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணைக் கொடுத்தார். சாமியார், கண்டக்டர், கிளீட்டஸ், கிளீட்டஸுக்குப் பார்த்திருக்கிற பெண்ணோட அப்பா, எல்லாரும் உள்ளே இருக்காங்க. கிளீட்டஸ்னு சொன்னேனே, அவன்தான் எங்க ஷெட்ல கம்பி முறுக்குறவன். நல்ல பையன், ஆனா காதுல விழுந்ததைக் கை செஞ்சுடும், நடுவுல தலைன்னு ஒண்ணு வேலை செய்யாது.

உங்க ஊர்ல எப்படிச் சேர்ப்பீங்களோ தெரியாது, எங்க ஷெட்ல இப்படித்தான். அடிப்பலகை ரெண்டையும் மூடின புத்தகம் மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, ஓரத்துல துளை போட்டு, செம்புக்கம்பியால தைச்சு, பிறகு புத்தகத்தைத் திறக்கிற மாதிரி விரிப்போம். அப்புறம் பக்கப்பலகை. எல்லாம் முதல்ல தொளதொளன்னுதான் நிக்கும். அதுக்கப்புறம்தான் சேர்ப்பு. மாமா வள்ளத்துக்கு உள்ளே படுத்து, ரெண்டு பலகையும் சந்திக்கிற இடத்துல கட்டைவிரலை வச்சுத் தடவிக்கிட்டே இருப்பார். கிளீட்டஸ் வெளியே குந்தியிருந்து குறடால ஒவ்வொரு கம்பியா இறுக்குவான். இவரை அவன் பார்க்க முடியாது, அவனை இவர் பார்க்க முடியாது. நடுவுல பலகை. குரல் மட்டும்தான். "முறுக்கு"ன்னா முறுக்கணும். "நில்லு"ன்னா நிக்கணும். "விடு"ன்னா தளர்த்தணும். ரெண்டு பக்கமும் சமமா சேர்ந்ததும் மரத்தூளும் ரெசினும் குழைச்ச பசையை உள்ளே அப்பிடுவார். மறுநாள் அது கல்லாயிடும். அதுக்கப்புறம் தப்புன்னு தெரிஞ்சா வாளெடுத்து அறுக்கணும்.

அதனால எங்க ஷெட்ல ஒரு சட்டம். சேர்ப்பு நடக்கிறப்ப ஒரே வாய்தான். உள்ளே இருக்கிறவர் வாய். வேற யாரும், அப்பாவே ஆனாலும், மூச். இருமல் வந்தா வெளியே ஓடணும். எங்க சித்தப்பா ஒரு தடவை நடுவுல "சாயா வேணுமா"ன்னு கேட்டார். அவ்வளவுதான், கூடப்பிறந்தவன்னும் பார்க்கலை அப்பா, ரோட்டைக் காட்டிட்டார். சித்தப்பா இன்னைக்கும் எங்க வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், சீட்டு விளையாடுவார், ஷெட்டுக்குள்ள மட்டும் வர மாட்டார். வாசல்ல நின்னு கதவைத் தட்டுவார்.

எனக்கு இந்த அமைதின்னாலே ஆகாது அண்ணா. யாரும் பேசாத இடத்துல எனக்குத் தொண்டை அரிக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?

அன்னைக்கு அணியத்துல சேர்ப்பு. முன்மூக்குல ரெண்டு பலகையும் முறுகி வந்து சேர்ற இடம் இருக்கே, உங்களுக்குச் சொல்ல வேண்டாம், அங்கே ஒரு சுத்து கூடினாலும் ஒரு பலகை மத்ததுமேல ஏறிக்கிடும். மாமா தடவிப் பார்த்து "நில்லு"ன்னு சொல்லிட்டு, அமரத்துப் பக்கமா, வள்ளத்துப் பின்முனையில ஏறிக் குதிச்சு, பின்னால தென்னைமரத்தடிக்கு ஒண்ணுக்குப் போனார். போறேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டார். அவர் எதுக்குச் சொல்லணும்? கிளீட்டஸ் குனிஞ்ச தலை நிமிராம குறட்டைப் பிடிச்சுக்கிட்டு கொக்கு மாதிரி குந்தியிருக்கான். அப்பா ரோட்டைப் பார்த்து நாற்காலியில. உள்ளே யாருமில்லை.

நான் ஏறிப் படுத்தேன். மாமா படுக்கிற அதே இடத்துல. பலகை இன்னும் சூடா இருந்தது.

"முறுக்குலே."

அண்ணா, வள்ளத்துக்குள்ள இருந்து குரல் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும் பலகை நின்னு அதை வாங்கி உருட்டிப் பெருசாக்கித் திருப்பித் தரும். எனக்கே உடம்பு சிலிர்த்துட்டுது. வெளியே கம்பி கிரீச்சுன்னு சத்தம். முறுக்கிட்டான்! "இன்னும் ஒரு சுத்து. அடுத்த கம்பி. செத்த பொணமா நீ, பலமா முறுக்குலே!" முறுக்குறான். சட்டையை வாயில திணிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். பலகை ஏறுறதைக் கிளீட்டஸ் கண்ணால பார்த்திருக்கான், அப்புறம் அவனே சொன்னான். ஆனா சொல்ல முடியாதே, ஒரே வாய்தானே. பேசாம முறுக்கினான்.

"விடு"ன்னு சொல்லி எல்லாத்தையும் தளர்த்திடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. அதுக்குள்ள பின்பக்கம் மாமா செருப்புச் சத்தம். நான் மறுபக்கமா உருண்டு விழுந்து ஓடிட்டேன். அவர் வந்தார், ஏறினார், "பசை கொண்டாங்கலே" அப்படின்னார். மறுபடி தடவிப் பார்க்கலை. ஒரு தடவை தன் விரல் சொல்லிடுச்சுன்னா கடவுளே வந்து சொன்னாலும் ரெண்டாம் தடவை பார்க்க மாட்டார், அந்த அகம்பாவம் அவருக்கு. பார்த்திருக்கலாம்லா? அதையும் கொஞ்சம் யோசிக்கணும் நீங்க. பலகை வெளிப்பக்கமாத்தான் ஏறியிருந்தது, உள்ளே இருந்து கண்ணுக்குத் தெரியாது, அது வாஸ்தவம். ஆனா தடவியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

நான் அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பீங்க. ரெசின் குழைச்சாச்சு அண்ணா. குழைச்ச ரெசின் யாருக்காகவும் காத்திருக்குமா? ரெண்டு சுத்துதானே, என்ன ஆகிடப் போகுதுன்னும் ஒரு எண்ணம்.

மறுநாள் கம்பியெல்லாம் வெட்டி எடுத்து வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டாங்க. அப்பா அமரத்துப் பக்கம் குத்தவச்சு, ஒரு கண்ணை மூடி, இழுத்துக் கட்டின நூலோட வச்சுப் பார்த்தார். பார்த்துக்கிட்டே இருந்தார். செருமவே இல்லை. அப்பா செருமாம இருந்தா ஏதோ பெருசா நடந்துட்டுதுன்னு அர்த்தம்.

"தொபியாசு, நீ இஞ்ச வந்து பாரு."

வள்ளத்து மூக்கு இடது பக்கம் திரும்பி நிக்குது. பக்கத்து வீட்டுல என்ன குழம்புன்னு எட்டிப் பார்க்கிற மாதிரி. மாமா பார்த்துட்டுக் கிளீட்டஸ் மேல பாய்ஞ்சார்.

"நான் நில்லுன்னு சொன்னேம்லா!"

"சொன்னீங்க மாமா. அதுக்குப் பெறகு முறுக்குன்னும் சொன்னீங்க."

"எவன்லே சொன்னான்?"

"நீங்கதான். அந்தோணியார் மேல ஆணையாட்டு நீங்கதான். செத்த பொணமான்னுகூட கேட்டீங்க."

"நான் ஒண்ணுக்குப் போயிருந்தேம்லே, சவமே!"

"போறதுக்கு முன்ன சொல்லியிருப்பீங்க மாமா. நான் என்னத்தக் கண்டேன்?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கிட்டு, "அதாவது... நானும் கேட்டேன் தொபியாசு. ஒனக்க சத்தம் எனக்குத் தெரியாதா?" அப்படின்னார்.

நான் ரெசின் வாளியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயேதான் நிக்குறேன். இப்ப கத்துவார், இப்ப கத்துவார்னு பார்க்கிறேன். அவர் கத்தியிருந்தா, அண்ணா, நான் சொல்லியிருப்பேன். உள்ளங்கையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். கத்தவே இல்லை. மெதுவா, "சொன்னேனோ?" அப்படின்னார். தனக்குத்தானே கேட்கிற மாதிரி. "சொல்லியிருப்பேனோ?"

வள்ளத்துக்கு ஒண்ணும் ஆகலை, கவலைப்படாதீங்க. அறுத்து, தேய்ச்சு, மறுபடி சேர்த்து, இப்ப அது கடல்ல ஓடிக்கிட்டிருக்கு. வள்ளத்துக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வச்சிருந்தார், அவ்வளவுதான். மாமாவுக்குத்தான் மாறிப் போச்சு. ஒவ்வொண்ணும் சொல்லிட்டு, "எலே, இப்ப நான் என்ன சொன்னேன்?"னு உள்ளே இருந்து கேட்பார். "நில்லுன்னீங்க மாமா." "நெசமாட்டா?" "நெசமாட்டு." திட்டுறது நின்னுபோச்சு. காக்கா வந்து உட்கார்ந்தா சும்மா பார்த்துக்கிட்டிருப்பார். அவருடைய அப்பாவுக்கும் இந்த வயசுலதான் புத்தி தடம் புரண்டுச்சாம், சொந்த வீட்டுக் கதவைத் தட்டி வீட்டுக்காரர் இருக்காரான்னு கேட்பாராம். அதை யாரோ அவருக்கு ஞாபகப்படுத்தி விட்டாங்க. யாரும் பேசாத ஷெட்டு எப்படி இருக்கும்? கோயில்ல பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி. நானும் வாயைத் திறக்கலை. அதைக் கேட்டா நம்ப மாட்டீங்க, ஒரு வாரம் நான் யார் குரலும் எடுக்கலை. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனைன்னு எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க.

அடுத்த வள்ளத்துலதான் நான் ஒரு நல்ல காரியம் செஞ்சேன். சொல்றேன் கேளுங்க.

அதே அணியம். மாமா உள்ளே. "முறுக்கு"ன்னு ஒரு தடவை சொன்னார். அப்புறம் சத்தமே இல்லை. கிளீட்டஸ் கால் சுத்து கால் சுத்தா இறுக்கிக்கிட்டே போறான், "நில்லு"க்குக் காது கொடுத்துக்கிட்டு. வரலை. நான் மறுபக்கம் நின்னு பார்க்கிறேன். ஓரமும் ஓரமும் முத்தம் கொடுத்தாச்சு. இன்னொரு கால் சுத்துன்னா ஏறிடும், பழைய கதைதான். உள்ளே மாமா உறைஞ்சு போய்க் கிடக்கார், சொல்லலாமா வேண்டாமான்னு. நான் என்ன செய்யணும்? சும்மா பார்த்துக்கிட்டு நிக்கவா?

"நில்லுலே."

அவர் குரல்லதான். சரியான நேரத்துல. கிளீட்டஸ் நின்னுட்டான். அந்தச் சேர்ப்பை நீங்க போய்த் தடவிப் பாருங்க, விரல் வழுக்கிக்கிட்டுப் போகும். மாமாவே ஆனாலும் அதைவிடச் சரியா நிறுத்தியிருக்க முடியாது.

கொஞ்ச நேரம் கழிச்சு அவர் வெளியே வந்தார். முகத்துல ரத்தமில்லை. "எவம்லே நில்லுன்னது?" "நீங்கதான் மாமா." அப்பாவைப் பார்த்தார். "நீதான் தொபியாசு." மாமா புறங்கையால வாயைத் துடைச்சார். துடைச்சுட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார், அதுல ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி. அப்புறம் செருப்பைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். அன்னைக்குப் போனவர்தான். அப்பா உங்களுக்கு ஃபோன் பண்ணினார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? உதவிதானே செஞ்சேன்? வள்ளம் தப்பிச்சுதுல்லா?

சரி, நில்லுங்க. இந்தக் கோயில் மதில் நிழல்ல கொஞ்சம் நில்லுங்க. நான் ஒண்ணும் சொல்லாம இருந்துடலை. நேத்து அவர் வீட்டுக்குப் போனேன். மாமி சந்தைக்குப் போயிருந்தாங்க. அவர் வாசப்படியில உட்கார்ந்து வெறுமனே வேலியைப் பார்த்துக்கிட்டிருந்தார். சொல்லிட்டேன். மாமா, முதல் வள்ளத்துல முறுக்குன்னது நீங்க இல்லை, நான். உங்க குரல்ல சொன்னேன். எல்லாம் சொன்னேன்... எல்லாமில்லை. முதல்ல நடந்ததை மட்டும். ரெண்டாவது உதவிதானே, அதை எதுக்குச் சொல்லணும்னு.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒனக்க அப்பன் சொல்லி விட்டானாக்கும்?"

"இல்ல மாமா, சத்தியமா."

"அப்படின்னா எனக்க குரல்ல ஒண்ணு சொல்லு பாப்போம்."

"முறுக்குலே!"ன்னு போட்டேன் அண்ணா. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்னுட்டுது. அவர் தலையைச் சாய்ச்சுக் கேட்டார். கேட்டுட்டுச் சிரிச்சார். "இதா எனக்க குரல்? எனக்க குரலு கனமாட்டுல்லா இருக்கும். இது ஓட்டைத் தகரம்."

எவ்வளவு தடவை போட்டாலும் அதேதான். தகரம், தகரம். அவருக்குத் தன் குரல் எப்படி இருக்கும்னே தெரியலை. ஊருக்கே தெரிஞ்சது அவருக்குத் தெரியாது. யோசிச்சுப் பார்த்தா யாருக்குத்தான் தெரியும், உள்ளே இருந்துதானே கேட்கிறோம்.

அதோட விட்டாரா? என் தலையில கை வச்சார். "ஒனக்குள்ள இப்பிடி ஒரு மனசு இருக்கும்னு நான் நெனைக்கல்ல மக்களே. கிழவனுக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு ஊரு சொல்லக்கூடாதுன்னு ஒனக்க மேல ஏத்துக்கிட வந்திருக்கியே." மக்களேன்னார் அண்ணா. என்னை. அவர் வாயிலிருந்து நான் சவமே தவிர வேற கேட்டதில்லை. கண்ணுல தண்ணி வந்துட்டுது. அதைப் பார்த்து அவருக்கும் வந்துட்டுது. இதுக்கு மேல நான் எப்படி இல்லைன்னு சொல்ல?

வீட்டுக்கு வந்தா அப்பாவுக்கு அதுக்குள்ள ஃபோன் போயாச்சு. நான் வாயைத் திறக்கிறேன், "அப்பா, அந்தக் குரல்..." அவ்வளவுதான், அப்பா என்னை முடிக்க விடாம, "தொபியாசு சொன்னான் பிள்ளே. அதாவது, க்ர்ம், நீ இப்பிடி ஒண்ணு சொல்லுவேன்னு. எனக்க பிள்ளைக்கு நல்ல மனசு." அம்மா நெய்மீன் நடுத்துண்டு ரெண்டை என் தட்டுல வச்சாங்க. தம்பிக்கு வால். சாப்பாடு எனக்கு இறங்கவே இல்லை அண்ணா. ரெண்டு துண்டையும் சாப்பிட்டேன், ஆனா இறங்கலை.

என்ன கேட்டீங்க? ஆமா. அப்பாவுக்கு மாமா குரல் தெரியும். கிளீட்டஸுக்கும் தெரியும். அவங்க முன்னாடி ஒரு தடவை அதே மாதிரி கூப்பிட்டுக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். தெரியும் அண்ணா, நான் என்ன முட்டாளா? நேத்து அப்பா முன்னாடி காட்டலாம்னுதான் பார்த்தேன். தொண்டை கொஞ்சம் சரியில்லாம இருந்தது. அப்புறம் அப்பா ஃபோன்ல இருந்தார். அப்புறம் நெய்மீன்.

சித்தப்பா கதவைத் தட்டுறதை நீங்க பார்த்ததில்லை. ரெண்டு தட்டு தட்டிட்டு, உள்ளே நடக்கிற வேலையை எக்கி எக்கிப் பார்ப்பார். எனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சாச்சு. இந்த ஷெட்டை விட்டா நான் எங்கே போவேன்? அந்தப் பலகை வாசனை இல்லாம எனக்குக் காலை விடியாது. அது உங்களுக்குப் புரியும், நீங்களும் அதே வாசனையோடதான் வந்திருக்கீங்க.

வாங்க, வந்துட்டோம். அந்த ஓலை மறைப்புக்குப் பின்னாடிதான். அவசரப்படாதீங்க, இந்த இடைவெளி வழியாப் பாருங்க. நீல பனியன் போட்டுக் குந்தியிருக்கானே, கிளீட்டஸ். நாற்காலியில அப்பா. வள்ளத்துக்கு வெளியே, கிளீட்டஸ் தலைக்கு நேர் மேல நிக்கிறார் பாருங்க, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. அவர்தான். உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறார். ஆள் சுருங்கிப் போயிட்டார் அண்ணா. போன மாசம் அந்தச் சட்டை அவருக்கு இறுக்கமா இருந்தது.

கையில குறடு இருக்கு கிளீட்டஸுக்கு. கம்பியும் பாதியில நிக்குது. மாமா வாய் மூடியிருக்கு. அப்பா அவர் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கார்.

அண்ணா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. என் கையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க.

"முறுக்குலே!"

பாருங்க! பாருங்க, அவன் கை தானாப் போகுது! மாமா வாய் மூடித்தான் இருக்கு, அப்பா பார்த்துட்டார், அப்பா எழுந்துட்டார்.

"நில்லு!"

நின்னுட்டான். இப்பத்தான் தலையைத் தூக்குறான். மாமாவைப் பார்க்கிறான். மாமா தன் வாயைத் தொட்டுப் பார்க்கிறார். ஐயோ அண்ணா. இதை என்னால பார்க்க முடியலை. பையைக் கீழே வைங்க, நான் உள்ளே... உள்ளே வேண்டாம், இந்த வாசல்லயே நிக்கிறேன்.

"நான்தான் மாமா! தகரம் நான்தான்! கிளீட்டஸைக் கேளுங்க, இதே குரல்தானான்னு கேளுங்க! அன்னைக்கு முறுக்குன்னதும் நான், ரெண்டாவது வள்ளத்துல நில்லுன்னதும் நான்! நீங்க வாயே திறக்கலை!"

மாமா கேட்டுட்டார். கிளீட்டஸைப் பார்க்கிறார். அவன் தலையாட்டுறான். அப்பா ரோட்டைக் காட்டுறார், எனக்குத்தான். அப்பா செருமலை அண்ணா. சரி. தெரிஞ்சதுதானே.

மாமா ஏன் உட்கார்ந்துட்டார்? பலகைமேல உட்கார்ந்துட்டார். முதல் வள்ளத்துக்கு ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவதைச் சொன்னதும்தான் உட்கார்ந்தார். என்னமோ சொல்றார், கேட்குதா? "நான் தொறக்கல்லலே. நான் வாயத் தொறக்கல்ல." அதையேதான் சொல்றார். கிளீட்டஸ்கிட்ட சொல்றார், அப்பாகிட்ட சொல்றார், அந்த வள்ளத்துகிட்ட சொல்றார். தோள் குலுங்குது. சிரிக்கிறாரா, அழுறாரா, எனக்கு இங்கேயிருந்து தெரியலை. வாயைத் திறக்காமலே தன் குரல் கேட்டுச்சுன்னுதான் அவர் பயந்து போயிருக்கார், அதைப் போய் உதவின்னு சொன்னேனே அண்ணா உங்ககிட்ட. இவ்வளவு நேரம் உதவி, உதவின்னு சொல்லிக்கிட்டு வந்தேனே.

எழுந்துட்டார்.

"எலே வென்சிலாசு! நான் உயிரோட இருக்கையில எனக்க எடத்துக்கு வெளியூர்லயிருந்து ஆளு கூட்டிட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனால? எவன்லே அது வாசல்ல, பையையும் தூக்கிக்கிட்டு, கல்யாண வீட்டுல பந்திக்கு நிக்கிற மாதிரி? போவச் சொல்லுலே அவன! அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போவச் சொல்லு, எனக்க கண்ணுல படப்படாது! கிளீட்டசு, குறட்ட எடுலே!"

கேட்டீங்களா? அதுதான் அசல் அண்ணா. நான் போட்டதுல அந்த அடி உறுமல் இல்லவே இல்லை. அவர் சொன்னது சரிதான், என்னோடது தகரம்தான்.

உள்ளே ஏறிட்டார். படுத்துட்டார். இனி யாரும் பேசக்கூடாது, வாங்க, நகர்ந்து போயிடுவோம். உங்களை வீணா வரவழைச்சதுக்கு அப்பா ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்பார். ஐஸ் கம்பெனி வழியாவே போவோம், பஸ் கிளம்புறதுக்குள்ள போயிடலாம். ஸ்டாப் வரைக்கும் நானும் வாறேன், எனக்கு வேற போக இடமில்லை.

பையை இப்படிக் கொடுங்க, நான் தூக்குறேன். நீங்க ஏதாவது பேசிக்கிட்டு வாங்க அண்ணா. நான் பேசலை.